தவறணை நிலவறையில் ஓர் ‘ஓம்’

என் மருமகன் கார்த்திக் சென்னைப் பிள்ளை. இங்கே ஒரு கணினிக் கம்பனியில் எஞ்சினியர். போன மாதம் ஊரிலிருந்து வந்த இரண்டு சிநேகிதர்களுக்குக் கோப்பன்ஹேகனின் பழைய மதுச்சாலை ஒன்றைக் காட்ட வேண்டும் என்று என்னிடம் வந்தான். யாழ்ப்பாணத்தில் நாங்கள் குடிக்கிற இடத்தைத் தவறணை என்போம். கார்த்திக் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்தான். “தப்பான இடம்னு அர்த்தமா மாமா?” என்றான். சொல் எங்கிருந்து வந்ததோ எனக்குத் தெரியாது. ஆனால் அவன் சொன்ன பொருளும் பொருத்தமாய்த்தான் இருந்தது.

“நீங்க பியர் லைன்லதானே மாமா இருந்தீங்க. உங்களுக்குத் தெரியாத பப்பா? நீங்களே கூட்டிட்டுப் போங்க” என்று கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பார்த்ததும் இடம் தெரிந்துவிட்டது. அது ‘கிடங்கு’.

கிடங்கு என்பது நாங்கள் வைத்த பெயர். தெருவிலிருந்து படியிறங்கித்தான் உள்ளே போக வேண்டும். அதற்கும் கீழே பீப்பாய்கள் அடுக்கிய நிலவறை. பல தலைமுறை கண்ட கட்டடம். குனியாவிட்டால் உத்தரம் மண்டையைப் பதம் பார்க்கும். சுவரெல்லாம் சுருட்டுப் புகை ஏறித் தேயிலைச் சாயத்தில் கிடக்கும். கூரையிலிருந்து ஒரு மரக்கப்பல் தொங்கும். அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அரசாங்க அனுமதி வேண்டும். அதன் வயிற்றுக்குள் எத்தனையோ வருடம் வேலை செய்தவன் நான். வாடிக்கையாளனாக அங்கே ஒரு கதிரையில் உட்கார்ந்தது போன மாதம்தான்.

பிள்ளைகள் கப்பலைப் படம் எடுத்தார்கள், உத்தரத்தைப் படம் எடுத்தார்கள், என்னையும் எடுத்தார்கள். பரிமாறிய இளைஞன் பியர்க் குழாயின் கழுத்தில் மினுங்கிய சின்ன விளக்கைக் காட்டி விளக்கம் சொன்னான். குழாய் சுத்தமென்றால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு, சிவப்பில் குழாய் திறக்கவே திறக்காது. “ஆளே தேவையில்லை போல மாமா, சென்சரே பாத்துக்குது” என்றான் கார்த்திக். நல்லது என்றேன். மனதாரத்தான் சொன்னேன். விளக்குக்குத் தாய்ப்பாஷை கிடையாது, அந்த வகையில் அது எங்களைவிடப் பத்திரமான வேலையாள்.

“ஏன் மாமா நீங்க தொடவே இல்ல?” என்று என் கண்ணாடிக் கோப்பையைக் காட்டிக் கேட்டான். வயிறு சரியில்லை என்று சொல்லி மழுப்பினேன். அந்த இடத்தில் இருந்துகொண்டு சொல்லக்கூடிய கதையில்லை அது. அதனால்தான் வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

அகதியாய் டென்மார்க்குக்கு வந்து ஸ்கீவ என்ற ஊரில் இறக்கிவிடப்பட்டவர்களில் நானும் ஒருவன். டெனிஷ் வகுப்பு, மீன் தொழிற்சாலை, பிறகு கோப்பன்ஹேகனுக்கு அருகே புரொண்பியில் ஓர் அறை. அந்த வருடங்களைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. எங்கள் ஆட்கள் எல்லாருடைய கதையும் அதுதான். மதுச்சாலைகளின் பியர்க் குழாய் கழுவும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. இரண்டு வான், நாலைந்து ஆட்கள், முதலாளி பென்ட். அவரும் எங்களோடு பூட்ஸ் மாட்டிக்கொண்டு வேலைக்கு வருவார்.

பியர் ஓடுகிற குழாய்க்குள் வழுவழுப்பாய் ஓர் ஊத்தை படியும். அதைக் கரைக்கக் காரத் தண்ணீர் ஏற்ற வேண்டும். (கார்த்திக்குக்குச் சொன்னால் ‘ஸ்பைசியா?’ என்பான். இது தோலைக் கரைக்கிற காரம்.) முதலில் மேலே குழாயின் கைப்பிடியில் ‘கழுவப்படுகிறது, திறக்காதே’ என்ற சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். பீப்பாயைக் கழற்றி, காரத் தண்ணீரைப் பூட்டி, குழாய் நிறைய ஏற்றி ஊறவிட வேண்டும். பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். அலசி முடிந்து பியரைப் பூட்டியதும், மேலே வருவதைச் சோதனைத் தாளில் நனைத்துப் பார்க்க வேண்டும். தாள் நீலமானால் காரம் இன்னும் இருக்கிறது. மஞ்சளாய் நின்றால் சுத்தம். அதற்குப் பிறகும் முதல் மிடறு கழுவியவனுடையது. வாயில் வைத்துத் துப்பிய பிறகுதான் அட்டையைக் கழற்றலாம்.

பென்ட் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலை வணக்கம் சொல்ல முதல் குழாயை மணந்து பார்ப்பார். ‘நினைக்கிறேன்’ என்ற சொல் அவருக்கு ஆகாது. “சுத்தம் என்று நினைக்கிறேன்” என்று யாராவது சொன்னால், “நினைப்பதைத் தேவாலயத்தில் வைத்துக்கொள். தாள் என்ன நிறம்?” என்பார். அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்டவன் மறுமுறை அந்தச் சொல்லை எடுக்க மாட்டான்.

கிடங்கில் கழுவுவது பெரிய தலையிடி. பீப்பாய்கள் கீழே, குழாய்கள் மேலே. நடுவிலுள்ள சுவர்களின் கனத்துக்குத் தொலைபேசி எடுபடாது. மதுக்கூடத்துக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய நடை உண்டு. அதன் தரையில், பெட்டிகளை இறக்குவதற்கு ஒரு சதுர ஓட்டை. மேலே நிற்பவன் அதில் குனிந்து கத்த வேண்டும், கீழே நிற்பவன் திருப்பிக் கத்த வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மேலே நின்றேன். “நாலாவது சுத்தமா?” என்று கீழிருந்து பென்ட் கேட்டார். அவசரத்தில் வாயில் வருவது தாய்ப்பாஷைதானே, யாழ்ப்பாணத்தில் ‘ஆம்’ என்பதற்கு ‘ஓம்’ என்போம். “ஓம்!” என்றேன். பென்ட் மறுபடி தண்ணீரைத் திறந்துவிட்டார். திரும்பவும் கேட்டார், திரும்பவும் “ஓம்!” என்றேன், திரும்பவும் தண்ணீர். கடைசியில் மனிதர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். அப்போதுதான் விளங்கியது. டெனிஷில் ‘ஒம்’ என்றால் ‘மறுபடியும்’. அவர்களுடையது குறில், எங்களுடையது நெடில். நிலவறைச் சுவரில் பட்டு எதிரொலிக்கும்போது குறிலாவது நெடிலாவது.

பென்ட் அன்றைக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனால் அவர் எதையும் வீணாக்குகிற ஆள் இல்லை. அந்தச் சொல் ஓட்டையால் தெளிவாய் இறங்குகிறது என்று கண்டுகொண்டு அதையே விதியாக்கிவிட்டார். தாள் நீலமானால் மேலே நிற்பவன் ‘ஒம்’ என்று கத்த வேண்டும். கேட்டதற்கு அடையாளமாய்க் கீழே நிற்பவன் அதையே திருப்பிக் கத்த வேண்டும். சுத்தம் என்றால் ஒற்றைச் சொல் கூடாது. “நாலாவது சுத்தம், தாள் மஞ்சள்” என்று முழு வசனமாய்ச் சொல்ல வேண்டும். யோசித்துப் பார்த்தால் நல்ல விதிதான். இன்றைக்கும் அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

யோகன் பிறகு வந்து சேர்ந்தவன். பருத்தித்துறைப் பக்கத்துப் பெடியன், மெலிந்த ஆள், வாய் ஓயாது. மனைவி ஊரில் விசாவுக்குக் காத்திருந்தாள். பொலிஸ் பிரச்சினை ஏதும் வந்தால் விசா போய்விடும் என்ற பயத்தில், சைக்கிளில் சிவப்பு விளக்குக்கு இறங்கி நின்று இரண்டு பக்கமும் பார்ப்பான். பென்ட்டின் விதிகளை வேதம் போலப் பிடித்துக்கொண்டான்.

கிடங்கின் காலைப் பொறுப்பு லிஸ் என்ற பெண்மணியிடம் இருந்தது. ஐம்பது தாண்டியவர், நாக்கு நல்ல கூர், மனம் அதற்கு நேர்மாறு. வேலை முடிந்ததும் எங்களைக் கோப்பி குடிக்காமல் போக விடமாட்டார். “கோப்பியை உங்கள் பாஷையில் எப்படிச் சொல்வீர்கள்?” என்று யோகனைக் கேட்பார். அவனும் சொல்லிக் கொடுப்பான். தண்ணி, கோப்பி, சீனி. பிறகு ஒரு நாள் ‘ja’, அதாவது ‘ஆம்’ என்பதற்கு என்ன என்று கேட்டார். “ஓம்” என்றான். லிஸ்ஸுக்கு அது நன்றாய்ப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும் “ஓம், ஓம்” தான். எங்களுக்கும் அது பெரிய பகிடி. பென்ட் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பார். ஆனால் அவர் கோப்பிக்கு உட்காருவதில்லை, அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். ஸ்வென், துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. திறக்கிற நேரத்துக்கு முன்பே வந்து கதவைத் தட்டுவார், லிஸ் உள்ளே விடுவார். போத்தல் பியர் தொடமாட்டார். நாலாவது குழாயில் வருகிற கறுத்த பியர்தான் வேண்டும். அது வரும்வரை தோல் கோப்பையில் தாயக்கட்டை குலுக்கிக்கொண்டிருப்பார். யோகன் அந்தப் பக்கம் போனால் அவனுக்கும் ஒரு முறை குலுக்கக் கொடுப்பார். யோகன் வென்றால் முறைப்பார், தோற்றால் தோளில் தட்டுவார்.

அன்றைக்கு நானும் பென்ட்டும் கீழே, யோகன் மேலே. ஊறவிட்டோம், அலசினோம், நாலாவதுக்குப் பியரைப் பூட்டினோம். யோகன் மேலே இழுத்துப் பார்த்தான். தாள் இலேசாக நீலம். நடைக்குப் போய், ஓட்டையில் குனிந்து, விதிப்படி கத்தினான்.

“ஒம்!”

பென்ட் விதிப்படி திருப்பிக் கத்தினார். “ஒம்!”

தண்ணீர்க் குழாயை இழுத்துக் கொண்டுவந்து, பீப்பாயைக் கழற்ற நான் கையை வைத்தேன். அதற்குள் மேலே ஒரு கதிரை விழுந்த சத்தம் கேட்டது. பிறகு மனிதக் குரல் என்று சொல்ல முடியாத ஒரு சத்தம்.

ஓடி ஏறினோம். ஸ்வென் தரையில் முழங்காலில் நின்று கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாயோரத்தில் நுரை, அதில் இரத்தம். யோகன் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தான். “வாந்தி எடுக்க விடாதே, வாயை மட்டும் கழுவு” என்றார் பென்ட். அந்த நேரத்திலும் குரலை உயர்த்தவில்லை. லிஸ் குழாயடியில் நின்றபடியே நின்றார். கையில் அந்தச் சிவப்பு அட்டை.

“நீ ஓம் என்றாயே, யோகன்” என்றார். “அவரும் ஓம் என்றார். இரண்டு பேரும் ஓம் என்றீர்களே.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தமிழன் டெனிஷில் கத்தியிருக்கிறான். டெனிஷ்காரி அதைத் தமிழில் கேட்டிருக்கிறார். கீழிருந்து முதலாளியே உறுதிப்படுத்தியதாக நினைத்து, வெகுநேரமாய்க் காத்திருந்த கிழவருக்கு அன்பாய் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

இலேசான நீலம் காட்டிய பியர் அப்படி எரித்திராது. சுவருக்குள் ஒரு செத்த கிளைக் குழாய் இருந்தது. எந்தக் காலத்திலோ அகற்றிய ஒரு பழைய குழாய்க்குப் போன வழி. அதற்குள் தேங்கிக் கிடந்த காரம் முழுக்க அந்தக் கோப்பைக்குள் வந்துவிட்டது. சுவரைத் திறந்து பார்க்க வேண்டும் என்று பென்ட் பல தடவை கேட்டிருந்தார். பாதுகாக்கப்பட்ட கட்டடம், கை வைக்க முடியாது என்று பதில் வந்துகொண்டே இருந்தது. அந்த விபத்துக்குப் பிறகு அனுமதி கிடைப்பது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை.

பொலிஸ் யோகனைக் கூப்பிட்டது. அவனுக்கு டெனிஷ் வரும். ஆனாலும் முறைப்படி தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போட்டார்கள். அன்று பின்னேரம் என் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து அழுதபடி சொன்னான்.

“அண்ணை, நான் ‘ஒம்’ எண்டு கத்தினனான் எண்டு சொன்னன். அது டெனிஷ் எண்டு சொல்ல வாயெடுக்க முந்தி, அந்தாள் போனுக்குள்ளால ‘தம்பி, ஓம் எண்டா ja தானே?’ எண்டு கேட்டார்.”

“நீ என்ன சொன்னனி?”

“‘ஓம், ஆனா...’ எண்டன்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ‘ஆனா’வுக்குப் பிறகு அவன் சொன்னதெல்லாம் சாக்குப்போக்காகத்தான் பொலிசின் காதில் விழுந்திருக்கும். சுத்தம் என்று சொல்லி ஒரு மனிதனுக்கு நஞ்சு கொடுத்தவன் என்றாகிவிட்டான்.

கோயில் மண்டபத்தில் ஒரு பெரிய மனிதர், “நுணலும் தன் வாயால் கெடும், இப்பத்தைப் பெடியளுக்கு வாய் கூட” என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. “நுணல் தன்ர பாஷையில கத்திக் கெட்டது. இவன் அவையின்ர பாஷையில சரியாக் கத்திக் கெட்டவன்” என்று சொல்லிவிட்டு, பிரசாதமும் எடுக்காமல் வந்துவிட்டேன்.

பென்ட் தானாகவே என்னையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனார். சட்டையின் மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தார். ‘ஒம்’ என்பது தன் ஆட்களிடம் டெனிஷ்ச் சொல் என்று முதலிலிருந்து விளக்கினார். விசாரித்த அதிகாரி பொறுமையாய்க் கேட்டுவிட்டு, “அந்தச் சொல்லை யாரும் தனியாகச் சொல்லி நான் கேட்டதில்லை” என்றார்.

“நீங்கள் என் நிலவறையில் வேலை செய்ததில்லை” என்றார் பென்ட். “விதி என்னுடையது. அவன் விதிப்படி செய்தான்.”

அதிகாரி எழுதிக்கொண்டார். ஆனால் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முதலாளியும் கூட்டாளியும் தங்கள் ஆளைக் காப்பாற்றத்தானே பார்ப்பார்கள். இனி லிஸ் என்ன சொல்வார் என்பதில்தான் எல்லாம் தொங்கியது. ‘அவன் எனக்குச் சுத்தம் என்று சொன்னான்’ என்ற ஒரு வசனம் போதும், யோகன் முடிந்தான்.

அடுத்த நாள் லிஸ் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“செல்வம், அந்தச் சொல்லுக்கு உங்கள் வேலையில் வேறு அர்த்தம் இருக்கிறதாமே?”

சொன்னேன். பழைய கதை, விதி, எல்லாம். அவர் சிரிக்கவில்லை.

“அப்படியென்றால் அவன் என்னோடு பேசவே இல்லை.”

“இல்லை லிஸ். பென்ட்டுக்குத்தான் சொன்னான்.”

“நான் யாரையும் கேட்காமல் அட்டையைக் கழற்றினேன்.”

ஓம் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு “ja” என்றேன். அந்தப் பக்கம் தொலைபேசி வைக்கப்பட்டது.

அவர் பொலிசில் அதை அப்படியே சொன்னார். யோகன் ‘ஆம்’ என்ற சொல்லை அன்பாய்க் கற்றுக்கொடுத்தான், அன்றைக்கு அவன் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, நானாகவே அட்டையைக் கழற்றினேன் என்று. அந்த வாக்குமூலத்தோடு யோகன் விடுபட்டான். லிஸ் அகப்பட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். பாவம் சுவருக்குள் கிடந்தது, பழியைத் தூக்கிக்கொண்டு போனது அந்த மனுஷி. கிடங்குக்கு அவர் பிறகு வரவே இல்லை. ஹோர்சன்ஸ் என்ற ஊரில் தங்கையோடு இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். நன்றி சொல்ல யோகன் எத்தனையோ தடவை தொலைபேசி எடுத்தான், அவர் எடுக்கவில்லை.

ஸ்வென்னுக்குக் குரல் போய்விட்டது. விழுங்க முடியாது. வயிற்றில் துளை போட்டு, குழாயால் சாப்பாடு ஏற்றினார்கள். யோகன் ஞாயிறு தோறும் ஆஸ்பத்திரிக்குப் போனான். நானும் சில தடவை போனேன். கிழவர் போர்வைக்கு மேல் தாயக்கட்டையைக் குலுக்கி அவனிடம் நீட்டுவார். யோகன் வென்றால் முன்போலவே முறைப்பார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவருடைய மகள் மெட்டெ உட்கார்ந்திருப்பார். யோகனுக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

பனி முற்றாகக் கரைய முதல் நெஞ்சில் சளி கட்டி ஸ்வென் இறந்துபோனார். யோகனின் மனைவி விசா கிடைத்து வந்திறங்கிய வாரம் அது. யோகன் விமான நிலையத்தில் சிரித்ததை நான் பார்த்தேன். அடுத்த நாள் செத்தவீட்டுக்குக் கறுப்புக் கோட்டு இரவல் கேட்டு என்னிடம் வந்தான்.

இங்கே சவப்பெட்டியைத் தேவாலயத்திலிருந்து வண்டி வரை ஆறு பேர் தூக்குவது வழக்கம். ஸ்வென்னின் கூட்டாளிகளில் பாதிப் பேர் பொல்லூன்றி வந்த கிழவர்கள். ஓர் ஆள் குறைந்தது. மெட்டெ சுற்றிப் பார்த்தார். பின்வரிசையில் நின்ற யோகனில் கண் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காலியாய் இருந்த கைப்பிடியைக் கையால் காட்டினார். யோகன் போய்ப் பிடித்தான். அவனுக்கு முன்னால் பென்ட். பெட்டி ஆடாமல் அசையாமல் போனது.

எல்லாம் முடிந்து, செத்தவருக்காகக் கூடிக் கோப்பி குடிப்பதற்குக் கிடங்குக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு வேறெந்த இடம் இருந்தது? எல்லாரும் படியிறங்கிப் போனார்கள். மெட்டெ மட்டும் மேற்படியில் நின்று யோகனை மறித்தார். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன்.

“அப்பாவுக்கு உங்கள் மேல் கோபம் இருக்கவில்லை. எனக்கு அது தெரியும்” என்றார். “உங்கள் மேல் பிழை இல்லை என்பதும் தெரியும். அவர் இருந்திருந்தால் உங்களை உள்ளே கூப்பிட்டுத் தனக்குப் பக்கத்தில் இருத்தியிருப்பார்.”

யோகன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

“நான் கூப்பிட மாட்டேன்” என்றார் மெட்டெ. படியிறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பஸ் தரிப்பிடத்தில் வெகுநேரம் நின்றோம்.  பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் யோகன் கேட்டான்.

“அவ சொன்னதில ஏதும் பிழை இருக்கோ, அண்ணை?”

“இல்லை” என்றேன்.